கறைப் பதிப்பு

பழைய புத்தகம் வாங்கி விற்பவர்களிடையே ஒரு கேள்வி புழங்குகிறது. அந்த எழுத்தாளரின் முதல் நாவலை யார் கொண்டுவந்தாலும் அட்டையைக்கூடப் பார்க்காமல் கேட்பார்கள்: “கறை இருக்கா?” காப்பி சிந்திய கறையைப் பற்றிய கேள்வி அல்ல இது. அறுபத்தொன்றாம் பக்கம், கடைசி வரி. கதாநாயகி வெள்ளத்தில் நீந்தி அந்தப் பக்கம் ஏறுகிறாள். “அவள் கரை சேர்ந்தாள்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “அவள் கறை சேர்ந்தாள்” என்று இருக்கும். இருந்தால் முதல் பதிப்பு. சின்ன ‘ர’ போட்டுத் திருத்தியிருந்தால் பின்னால் வந்தது, வந்த வழியே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பிழையைக் கோட்டைவிட்டவள் என்று எல்லோரும் நம்பிய பெண்ணும் இதே தொழிலில்தான் இருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் ‘கறையம்மா’ என்று பேர். சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அச்சகத்தில் கூப்பிட்டபடி புரூஃப் அக்கா என்றே நாம் கூப்பிடுவோம். இருபது வயதிலேயே அவளை அக்கா ஆக்கிவிட்டார்கள். கையில் சிவப்பு மைப் பேனா இருந்தால் வயது தானாகக் கூடிவிடும் போலிருக்கிறது.

இப்போது அக்காவுக்கு அறுபத்துநான்கு. தையல் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, அதுதான் கடை. கீழே மிஷின்கள் ஓடும்போதெல்லாம் மேசை லேசாக நடுங்கும். மேசையில் ஒரு லென்ஸ், ஒரு டார்ச் விளக்கு, துடைத்துத் துடைத்து மெலிந்த ஒரு பருத்தித் துணி. பதினேழு படி ஏறி வருகிறவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவன் கையில் இருக்கும் புத்தகத்தை அக்கா பாதி படித்துவிடுவாள்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, பெரிய பை, அதைவிடப் பெரிய நம்பிக்கை.

“முதல் பதிப்பும்மா. உள்ளே பாருங்க, முதற்பதிப்புன்னே போட்டிருக்கு.”

“போட்டிருக்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தானே போட்டோ எடுத்து அச்சடிச்சிருக்காங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினாள். ஈய எழுத்தைக் கோத்து அடித்த புத்தகம் என்றால் எழுத்து தாளில் குத்தியிருக்கும், பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். இது வழவழவென்று இருந்தது. பிறகு கையெழுத்தை லென்ஸில் பார்த்தாள். மை கோடாக ஓடவில்லை, புள்ளி புள்ளியாக நின்றது.

“இது கையெழுத்து இல்லைங்க. கையெழுத்தோட போட்டோ.”

அவர் விடவில்லை. பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதில் பேனாவால் போட்ட கையெழுத்துதான் இருந்தது. ஆனால் நாற்பது வருஷத்துத் தாளில் நேற்றைய மை ஊறி, ஓரமெல்லாம் மயிர் முளைத்த மாதிரி பரவியிருந்தது. கோடு இரண்டு இடத்தில் தயங்கி நின்று மறுபடி கிளம்பியிருந்தது.

“தன் பேரைத் தானே பார்த்து எழுதறவன் யாரும் இல்லை. இந்த ஆள் ஒவ்வொரு வளைவுலயும் நின்னு வழி கேட்டிருக்கான்” என்று அக்கா புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

இவ்வளவு கறாரான கண் ‘கறை’யை மட்டும் எப்படித் தவறவிட்டது என்று யாராவது ஒருவர், ஒரே ஒருவர், யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அந்த அச்சகத்தில் முதல் புரூஃபை நீளமான தாளில் எடுப்பார்கள். அதற்குக் கேலி என்று பெயர். கடைசியில் அக்காவுக்குக் கிடைத்ததும் அதுதான், ஆனால் அது பிறகு. எழுத்தாளருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கதை விடுவதில் மன்னன். ஆனால் சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், எது எது என்று கடைசிவரை அடையாளம் தெரியவில்லை. அந்த நாவலில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அக்கா திருத்தினாள். மனுஷர் பொறுத்துக்கொண்டே வந்தார். அறுபத்தொன்றாம் பக்கமாக மாறவிருந்த கேலித் தாளில் பொறுமை போய்விட்டது. நேராக அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, எங்க பார்த்தாலும் உன் சிவப்பு மைதான் இருக்கு. இது என் புத்தகமா, உன் புத்தகமா?”

“தப்பு இருந்தா திருத்தறதுதானே சார் என் வேலை?”

“இது தப்பு இல்லை. வேணும்னுதான் எழுதினேன். அந்தப் பக்கம் போனாலும் பழி அவளை விடாதுன்னு அர்த்தம்.”

“அப்படின்னா கறை படிஞ்சதுன்னுதானே சார் வரும்? கறை சேர்ந்தாள்னு எப்படி வரும்?”

சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொல்லாமல் இருந்தால் அவள் புரூஃப் ரீடர் இல்லை. அவர் முகம் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்தார். அவள் சிவப்பில் சுழித்து எழுதியிருந்த ‘கரை’யை அடித்தார். ஓரத்தில் “இருக்கட்டும்” என்று எழுதினார். அடியில் “அச்சிடலாம்” என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். புத்தகம் வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் “கதாநாயகி கறை சேர்ந்தாளாம், எந்த சோப்பு போட்டால் போகும்?” என்று ஒரு பத்தி எழுதிவிட்டார். ஊரே சிரித்தது.

எழுத்தாளர் அடுத்த வாரமே அதே பத்திரிகையில் பதில் எழுதினார். புரூஃப் பார்த்த பெண்ணின் கவனக்குறைவு என்று.

அச்சக முதலாளிக்கு அவருடைய அடுத்த புத்தகம் வேண்டும். அக்கா வேண்டாம். அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார். பழைய புரூஃப் எல்லாவற்றையும் அடுப்பில் போடச் சொன்னார். அதில் ஒரு தாளை மட்டும் அக்கா எட்டாக மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். கேட்டில் அவள் பையைச் சோதித்தார்கள், டப்பாவைத் திறக்கவில்லை.

அப்போதே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ‘ற’வைப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்த கம்போசிட்டரைத்தான் அடுத்த மாதம் அவள் கல்யாணம் செய்வதாக இருந்தது. அவள் வாயைத் திறந்தால் அவர் வேலையும் போகும். “கொஞ்ச நாள் பொறுத்துக்கோ” என்றார் அவர். அந்தக் கொஞ்ச நாள்தான் நாற்பத்துநான்கு வருஷமாக நீண்டுவிட்டது.

எந்த அச்சகமும் அவளைச் சேர்க்கவில்லை. பஸ் நிலையத்து வாசலில் மடக்கு மேசை போட்டுப் பழைய புத்தகம் விற்றாள். பிழை தேடிப் பழகிய கண் பதிப்புத் தேடப் பழகியது. இதற்கிடையில் எழுத்தாளர் பெரிய ஆளானார். கூடவே ‘கறை’யும் பெரிய ஆளானது. ஒரு தடவை ஏதோ விழா வாசலில் அவர் அவளுக்கு எதிரே வந்தார். பார்த்தார். உடனே செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், போதவே இல்லை.

அவர் இறந்து ஆறு வருஷம் ஆயிற்று. அவர் பேரில் ஒரு நினைவு நூலகம் திறக்கப் போகிறார்கள். அதை நடத்தப் போகும் மகள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினேழு படி ஏறி வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“அப்பா புத்தகம் வெளியான அன்னைக்கு எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அப்போ அவங்களுக்குக் கல்யாணம்கூட ஆகலை. இதைத்தான் நடுவில கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்னு இருக்கோம். ஆனா நாங்க காட்டின கையெழுத்து நிபுணர் இது அப்பா கையெழுத்தே இல்லைங்கறார்.”

அக்கா அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை, நேராகக் கையெழுத்துக்குப் போனாள். எழுத்தாளரின் புனைபெயர் ‘லை’ என்று முடியும். அவர் கையெழுத்து என்று உலகம் அறிந்ததில் கொம்பைத் தனியாக முன்னால் நிறுத்திய புது ‘லை’ இருக்கும். இந்தப் புத்தகத்தில் இருந்ததோ தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’. எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது கையெழுத்தையும் மாற்றிக்கொண்ட நவீனர் அவர். அதற்கு முந்திய கையெழுத்தை அந்த நிபுணர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? மை தாளோடு சேர்ந்தே பழுப்பாகியிருந்தது. கோடு எங்கும் தயங்கவில்லை. பின்பக்கம் தடவினால் பேனா அழுத்திய தடம் தெரிந்தது. காதலிக்குப் போட்ட கையெழுத்து, கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கும்.

“உங்க அப்பா கையெழுத்துதான்மா. சந்தேகமே வேண்டாம்.”

மகளின் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தெரியும். ஆனா நிபுணர் ஒத்துக்கணுமே. அந்த வருஷத்துக் கையெழுத்து, தேதியோட, வேற எதிலயாவது இருந்தா சான்று தரேன்கறார். இல்லைன்னா பெட்டியில வைக்க முடியாது. உங்ககிட்ட ஏதாவது இருக்குமா? உங்களைத்தான் எல்லாரும் சொன்னாங்க.”

“தேடிப் பார்க்கிறேன்” என்றாள் அக்கா. தேட ஒன்றும் இல்லை. அது எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

போகும்போது மகள் மரியாதைக்காக நூலகத்தின் விவர நூலை, இன்னும் அச்சேறாத பிரதியாக, கொடுத்துவிட்டுப் போனார். அக்கா பழக்க தோஷத்தில் பேனாவோடு படிக்க ஆரம்பித்தாள். நான்காம் பக்கத்தில் பேனா நின்றது. “61ஆம் பக்கத்திலுள்ள ‘கறை’ என்னும் பிழை, மெய்ப்புப் பார்த்த பெண்ணின் கவனக்குறைவால் நேர்ந்தது. முதல் பதிப்பை அடையாளம் காண இதுவே வழி.”

இத்தனை வருஷம் அது வாய்ப்பேச்சு. வாரப் பத்திரிகையில் வந்ததுகூட வாரத்தோடு போய்விட்டது. இப்போது நல்ல தாளில், தைத்த கட்டில், நூலகத்து முத்திரையோடு நிற்கப் போகிறது. அக்காவும் அவள் கணவரும் போன பிறகும் நிற்கும். அச்சில் வந்தது அழியாது என்று நம்பித்தானே அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்குப் போய் நேரே பீரோவைத் திறந்தாள். கம்போசிட்டர் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அச்சு மிஷின் சத்தத்தில் அவருக்கு ஒரு காது போய்விட்டது. எந்தக் காது என்பது நேரத்துக்கு நேரம் மாறும்.

“என்ன தேடறே?”

“என் பேரை.”

தாளைப் பார்த்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். “செத்துப்போனவரோட என்ன சண்டைம்மா? விடேன்.”

“விடச் சொல்லிச் சொல்லித்தானே என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கீங்க. அன்னைக்கு உங்க வேலைக்காக விட்டேன். இப்போ உங்களுக்கு என்ன வேலை, வெண்டைக்காய் நறுக்கறதா? அதை யாரும் பிடுங்க மாட்டாங்க.”

அவர் வெண்டைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தார். “நானும் வரேன். ஆனா பேசமாட்டேன்” என்றார்.

நூலகத்தில் வர்ணம் இன்னும் காயவில்லை. நடுவில் காலியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்கு மேலேயே அக்கா தாளை எட்டு மடிப்பும் பிரித்து விரித்தாள். மகள் முதலில் அடியில் இருந்த கையெழுத்தைத்தான் பார்த்தார். தும்பிக்கை தூக்கிய ‘லை’, தேதி, எல்லாம் இருந்தது. “கடவுளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் கண் மேலே போயிற்று. சிவப்பு ‘கரை’, அதன்மேல் நீலக் கோடு, ஓரத்தில் “இருக்கட்டும்”. கணக்கு வாத்தியார் அல்லவா, கூட்டிப் பார்க்க நேரம் ஆகவில்லை.

“இந்தக் கையெழுத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கலாமாம்மா? கீழ்ப்பகுதி போதும்.”

“முழுத் தாள். இல்லைன்னா தாளே இல்லை.”

“நிபுணருக்குக் கையெழுத்துதானே வேணும்?”

“எனக்கு மேல இருக்கறது வேணும்.” அக்கா விவர நூலைத் திறந்து நான்காம் பக்கத்தைக் காட்டினாள். “இந்த வரி போகணும். யார் தப்புன்னு போடணும்.”

மகள் நிமிர்ந்தார். குரல் மாறியது. “அந்த ‘இருக்கட்டும்’ அப்பா எழுதினதுதான்னு எப்படி நம்பறது? பின்னால யாரு வேணும்னாலும் எழுதியிருக்கலாமே.”

“எழுதியிருக்கலாம். லென்ஸ் இந்தாங்க. அதே பேனா, அதே மை, அதே கை. அது பொய்யின்னா கீழே இருக்கற கையெழுத்தும் பொய். உங்க அம்மா புத்தகமும் பொய். இது நிஜம்னா எல்லாம் நிஜம். பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்க இது துணி இல்லைம்மா.”

“எங்க அப்பா பொய் சொன்னார்னு நானே அச்சடிக்கணுமா? அவர் பேர் என்ன ஆகும்?”

“உங்க அப்பா பேர் பெருசு, தாங்கும். என் பேர் சின்னது. சின்னதுங்கறதுக்காக யார் வேணும்னாலும் அதுல கையைத் துடைச்சுக்கலாமா?”

அப்போதுதான் பேசமாட்டேன் என்று வந்தவர் பேசினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காது கேளாதவர்களுக்கே உரிய சத்தத்தோடு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “அந்த ‘ற’வைக் கோத்தது நான்தாம்மா. உங்க அப்பா அடிச்ச பிறகும், இவ திருத்தினதுதான் சரின்னு ‘ர’ போட்டிருந்தேன். அவர் என் பின்னால வந்து நின்னு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இவளை வெளியே அனுப்பினப்போ கையைக் கட்டிட்டு நின்னேன். எங்க வேணும்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். பின்னால் நின்று எடுக்கச் சொன்னது அவளுக்கே இன்றுதான் தெரியும். நாற்பத்துநான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இதை இப்போது சொல்கிறாரே என்று கோபம் வந்தது. சொல்லிவிட்டாரே என்றும் இருந்தது. தாளை மடித்தாள். “திறப்பு விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். வழியில் கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டாள்.

ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் ஆயிற்று. மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இதற்குள் வியாபாரிகளுக்குச் செய்தி கசிந்துவிட்டது. “ஏங்க்கா, பெரிய இடத்தோட எதுக்கு வம்பு? நாளைக்கு அந்த நூலகம் உங்களை ஒரு புத்தகத்துக்கும் கூப்பிடாது” என்று ஒருவர் அக்கறையாக வந்து சொன்னார். அவருக்கு அக்கா டீ வாங்கிக் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தானே அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கடைச் சுவரில், ஏறி வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக மாட்டினாள். நூலகம் வைக்காவிட்டால் என்ன, சுவர் அவளுடையது.

ஏழாம் நாள் மகள் வந்தார். சட்டத்தைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“நான் விடுதியில தங்கிப் படிச்சப்போ அப்பா எழுதினது. வாரா வாரம் எழுதுவார். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

அக்கா படித்தாள். “அறுமை மகளுக்கு” என்று இருந்தது. பெரிய ‘ற’.

“நான் சிரிப்பேன். திருத்தித் திருப்பி அனுப்புவேன். அடுத்த வாரமும் அப்படியேதான் வரும்.” மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அன்னைக்கு உங்க தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. தெரியாத மாதிரி கேட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

அக்காவுக்கு அந்த நிமிஷம் மனசு இளகியது உண்மை. பேனா இளகவில்லை. மகள் கொண்டுவந்த புது வரியைப் படித்தாள். “அச்சேறும் வேளையில் நேர்ந்த ஒரு குழப்பத்தால்…” என்று தொடங்கியது. சிவப்பில் ஒரே இழுப்பாக அடித்தாள்.

“குழப்பம் யாருக்கும்மா? எனக்கு இல்லை.”

“அப்போ நீங்களே சொல்லுங்க.”

அக்கா சொல்லவில்லை, எழுதினாள். மறுநாள் அது அச்சாகிப் புரூஃபாக வந்தது. “61ஆம் பக்கத்திலுள்ள ‘கறை’ ஆசிரியரின் பிழை. பிழைத் திருத்துநர் அதைத் திருத்தினார். ஆசிரியர் அத்திருத்தத்தை அடித்துக் கையெழுத்திட்டார்.” கணினியில் அடித்தவர் ‘பிழை’க்குப் பின்னால் ஒரு ‘த்’தைக் கொசுறாகச் சேர்த்திருந்தார். அக்கா அதைச் சுழித்து வெளியே இழுத்துவிட்டாள். பிறகு பேனாவை மகள் பக்கம் திருப்பினாள்.

“அடியில அச்சிடலாம்னு எழுதுங்க. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

மகள் போட்டார். தயங்காத கோடு. அக்கா அதை லென்ஸில் ஒரு தடவை பார்த்துவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் நகல் எடுத்து வந்தாள். நகலை மகளிடம் கொடுத்தாள். அசலைத் தானே வைத்துக்கொண்டாள்.

கேலித் தாள் இப்போது நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் முழுசாக இருக்கிறது, மகளின் அம்மாவுடைய புத்தகத்துக்குப் பக்கத்தில். இரவலாகத்தான். அதையும் அக்கா எழுதி வாங்கியிருக்கிறாள்.

நேற்று பதினேழு படி ஏறி ஒரு புது வியாபாரி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, தொழில் தெரிந்தவர் தோரணையில் கேட்டார்.

“அந்த முதல் நாவல் ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. கறை இருக்காம்மா?”

“இருக்கு,” என்றாள் அக்கா. “ஆனா அது என்னோடது இல்லை.”